ஒச்சு இல்லாத படங்கள்

1

என் அக்கா மகள் கயலுக்குக் கல்யாணமாகி நாளையோடு ஒரு வருஷம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்போதே வாழ்த்துகள் வரத் தொடங்கிவிட்டன. மதுரையில் விடியும்போது இங்கே ஓஹியோவில் முதல் நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். அதனால் எந்த விசேஷத்துக்கும் ஊரார் எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் நான் போய்ச் சேருவேன், குழுவில்கூட.

தாய்மாமன் நான். நல்ல படமாக ஒன்று போட்டு நாலு வரி எழுத வேண்டும். கல்யாணப் படங்கள் ஆயிரத்துச் சொச்சம் என் கணினியில் இருக்கின்றன. எல்லாவற்றையும் புரட்டினேன். ஒன்றையும் போடக் கை வரவில்லை. அது ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொன்னால் புரியும். இங்கே சொன்னால், ஒரு போட்டோவை வெட்டியதற்கா இத்தனை வருத்தம் என்று கேட்பார்கள்.

கல்யாணத்துக்கு லீவு வாங்கிய கதையிலிருந்து தொடங்குகிறேன். போன தை மாதம், ஆபீசில் பெரிய வேலை ஒன்று முடியும் நேரம். யாருக்கும் லீவு இல்லை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். விதிவிலக்கு வேண்டுமென்றால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'உறவு' என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விழும். மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர். அதோடு சரி. அக்கா மகள் என்பது 'மற்றவை'யில் போய் விழுந்தது. என் மேலாளர் நல்ல மனிதர். "மாமா என்றால் தூரத்து உறவுதானே, வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே?" என்று கேட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் தாய்மாமன் என்றால் என்னவென்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். பிள்ளைக்குக் காது குத்துவது மாமன் மடியில். பெண் பெரியவளானால் அவள் தங்கக் கீற்றுக் குச்சு கட்டுவது மாமன். கல்யாணத்தில் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போவது மாமன். "நான் இல்லாவிட்டால் இந்தக் கல்யாணமே நடக்காது" என்று முடித்தேன். மனிதர் அசந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்.

சொன்ன முறைகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவற்றில் ஒன்றையாவது செய்தவன் நான் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

2

செய்தவன் ஒச்சு. ஒச்சப்பன் என்பது முழுப்பெயர். என் சித்தப்பா மகன், என்னைவிட நாலு வயது இளையவன். உசிலம்பட்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கூடப் பிறந்த மாமன் வர முடியாவிட்டால் சித்தப்பா மகனோ பெரியப்பா மகனோ அந்த இடத்தில் உட்காரலாம், முறை பிசகாது. அப்படித்தான் அவன் உட்கார்ந்தான். ஒருமுறை மட்டும் என்று உட்கார்ந்தவனை எழுந்திருக்கவே விடவில்லை நான்.

கயல் பிறந்த வருஷம்தான் நான் விமானம் ஏறினேன். காதுகுத்துக்குக் கூப்பிட்டபோது வந்து சேர்ந்தே ஆறு மாதம் ஆகவில்லை, எப்படிக் கேட்பது என்று இருந்துவிட்டேன். அவள் பெரியவளானபோது விசா பயம். ஊருக்குப் போனால் தூதரகத்தில் புதிதாக முத்திரை குத்தி வாங்கித்தான் திரும்ப முடியும். குத்தாமல் நிறுத்திவைத்துவிட்டால் இங்கே வேலை, வீடு, குடும்பம் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். பச்சை அட்டைக்கான வரிசையில் வருஷக்கணக்கில் நின்றவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். ஆனால் அட்டை கையில் வந்த பிறகும் நான் போகவில்லையே! அவள் பள்ளிக்கூடம் முடித்தது, கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தது, டைபாய்டில் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது, எதற்கும் போகவில்லை. நடுவில் இரண்டே தடவை போனேன், இரண்டு வாரம், இரண்டு வாரம். அப்போதும் மனைவி வீட்டுக்குச் சென்னையில் பாதி நாள் போய்விட்டது.

கல்யாணம் நிச்சயமானதும் கயல் வீடியோவில் வந்தாள். பெங்களூரில் ஏதோ டிசைன் வேலை பார்க்கிறாள்.

"மாமா, ரெட்ரோ தீம். அம்மா அப்பா கல்யாணம் நடந்த காலம் மாதிரி. ஃப்ளெக்ஸ் கெடையாது, ப்ளாஸ்டிக் பூ கெடையாது. கலர்த்தாள் தோரணம், தெர்மாக்கோல் எழுத்து, ஜிகினா, கோலி சோடா. எல்லாமே கையால செய்யப்போறோம்."

பின்னாலிருந்து அவள் அம்மா, என் தனம் அக்காவின் குரல் வந்தது. "எங்க கல்யாணத்துல வேற வழியில்லாம காயிதத்த வெட்டி ஒட்டுனோம். இவளுக்கு அது பேஷனாம்டா! மதுரைல ஃப்ளெக்ஸ் வைக்காம கல்யாணம் பண்ணா, வீட்ல ஏதும் சண்டையான்னு கேப்பாக."

"இம்புட்டையும் யாரு செய்வா?" என்று கேட்டேன். ஊரோடு பேசும்போது என் நாக்கு தானாகவே பழைய பேச்சுக்குப் போய்விடும்.

"ஒச்சு மாமா இருக்காருல்ல" என்றாள் கயல், அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல.

எனக்குச் சுருக்கென்றது. என்னிடமும் ஏதாவது வேலை கொடு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

3

அவள் கொடுத்த வேலை இது. மண்டப வாசலில் ஒரு படச்சுவர். கயல் பிறந்ததிலிருந்து இன்றுவரை இருபத்து நாலு படங்கள். பழைய ஸ்டூடியோப் படம்போல நிறம் மங்கி, வெள்ளை ஓரம் வைத்து இருக்க வேண்டும். அவர்கள் வீட்டு ஆல்பம் பாதி செல்லரித்துப் போயிருந்தது. அக்கா வருஷந்தோறும் எனக்கு அனுப்பிய படங்கள், முதலில் தபாலில், பிறகு மெயிலில், பிறகு வாட்ஸ்அப்பில் வந்தவை, எல்லாம் என்னிடம் பத்திரமாக இருந்தன. நான் தேர்ந்தெடுத்துச் சரிசெய்து அனுப்ப வேண்டும். மதுரையில் அச்செடுத்து ஒட்டிக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உற்சாகமாக உட்கார்ந்தேன். முதல் படம் காதுகுத்து. மொட்டைத் தலையில் சந்தனம், வாயைப் பிளந்து அழுகை. அவளை இறுக்கிப் பிடித்து மடியில் வைத்திருப்பவன் ஒச்சு. மீசைகூடச் சரியாக முளைக்காத ஒச்சு, அவளைவிடப் பயந்துபோய், கண்ணில் நீரோடு. அடுத்தது சடங்கு. தென்னங்கீற்றுக் குச்சுக்கு முன்னால் கயல் குனிந்து நிற்கிறாள், பக்கத்தில் கையில் அரிவாளோடு ஒச்சு. அடுத்தது சைக்கிள் பழகும் படம். பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுபவன் ஒச்சு. கல்லூரி விடுதி வாசலில் லோடு ஆட்டோ நிறைய பெட்டி, மேலே ஒச்சு. இருபத்து நாலுக்கு எடுத்து வைத்த படங்களில் பத்தொன்பதில் அவன் இருந்தான்.

மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். மண்டப வாசலில் நின்று ஒவ்வொரு படமாகப் பார்ப்பார்கள். "இவருதான் தாய்மாமாவா?" என்று அவனைக் காட்டிக் கேட்பார்கள். அப்போது அமெரிக்காவிலிருந்து வந்த நான் பட்டுச்சட்டையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். அதுதான் என் கண்ணில் வந்து நின்றது. வேறு எதுவும் வரவில்லை.

முதல் படத்தை வெட்டினேன். முகம் பெரிதாகத் தெரியட்டும் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இரண்டாவதை வெட்டினேன். நாலைந்து படம் போன பிறகு காரணம் சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டேன். சில படங்களில் வெட்ட முடியவில்லை. கயலின் தலைமேல் அவன் கை இருந்தது.

பதினைந்து வயது மகள் ரியா தண்ணீர் குடிக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. நான் தமிழிலும் அவள் ஆங்கிலத்திலும் பேசிக்கொள்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். கையை எடுக்கத் தெரியாமல் நான் தடுமாறுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஏதோ ஒரு செயலியைத் திறந்து அந்தக் கையை விரலால் தடவினாள். கை மறைந்தது. அந்த இடத்தில் கயலின் முடி தானாகவே முளைத்திருந்தது.

"யார்ப்பா இது?" என்றாள் ஆங்கிலத்தில்.

"நம்ம சொந்தக்காரர்தாம்மா."

"அப்புறம் ஏன் எடுக்கறீங்க?"

படம் பார்க்கச் சுத்தமாக இருக்க வேண்டும் இல்லையா என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். ஒச்சு அவளுக்குச் சித்தப்பா. அந்த உறவை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கிடைத்த நேரத்தில் அவனை அழிக்கச் சொல்லிக்கொடுத்தேன். இல்லை, அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

நடுவில் ஒரு பெரிய படம் வைக்க இடம் இருந்தது. மதுரை விமான நிலையத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, எட்டு வயதுக் கயலுக்கு ஒரு பொம்மையைக் கொடுத்தபடி நான் நிற்கும் படத்தை அங்கே வைத்தேன். எழுதும்போதே கூசுகிறது.

4

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு நான் மட்டும் போய் இறங்கினேன். ரியாவுக்குப் பரீட்சை, மனைவி அவளோடு இருந்துவிட்டாள். கே.கே. நகரில் அக்கா வீட்டு மொட்டைமாடி பட்டறையாகியிருந்தது. கொடிக்கயிறு முழுக்கக் கலர்த்தாள். கயலின் தோழிகள் தெர்மாக்கோலில் பெயர் வெட்டி ஜிகினா தூவிக்கொண்டிருந்தார்கள். மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்து ஒச்சு மைதாப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தான், பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு. சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டானாம். ஆட்டோ ஓட்டாமல் பத்து நாளாக இங்கேதான் இருக்கிறான் என்றாள் அக்கா.

"வாங்கண்ணே! மெலிஞ்சிட்டீகளேண்ணே. அங்க சோறு போடுறாகளா இல்லையா?" என்று எழுந்தான். கையில் பசை என்பதால் முழங்கையால் என் தோளை இடித்தான்.

படச்சுவருக்கான பலகையையும் அவன்தான் செய்திருந்தான். ஒட்டுப்பலகையில் கறுப்பு அட்டை ஒட்டி, சட்டம் அடித்து, சட்டத்துக்குப் பழைய காலத்து ஊதா வர்ணம். அச்சுக்கூடத்திலிருந்து படங்கள் அன்று பகலில்தான் வந்தன. உறையைப் பிரித்தது அவன். நான் பக்கத்தில் கத்தரியும் தாளுமாக உட்கார்ந்திருந்தேன். எழுந்து கீழே போயிருக்கலாம். போகவில்லை.

ஒவ்வொரு படமாக எடுத்தான். நாலு மூலைக்கும் கறுப்புத்தாளில் முக்கோணம் வெட்டி வைத்து ஒட்டினான். காதுகுத்துப் படத்தில் சற்று நின்றான். நான் எவ்வளவு வெட்டியும் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வேட்டிக் கரை மிஞ்சியிருந்தது. பச்சைக் கரை. கட்டைவிரலால் அதன்மேல் பசையை ஒருமுறை துடைத்தான். அடுத்த படத்தை எடுத்தான். சைக்கிள் படத்தில் சைக்கிள் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்து நாலும் ஒட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான்.

"நல்லா வந்துருக்குண்ணே. பாப்பா மொகம் பளிச்சுன்னு தெரியுது."

அந்த நேரம் பார்த்துக் கயல் டீயோடு மேலே வந்தாள். வந்ததும் ஆரம்பித்தாள்.

"மாமா, சட்டைல பசையத் தொடைக்காதன்னு ஒனக்கு எத்தன தடவ சொல்றது? காலைலயும் சாப்புடலயாம். மாத்திர போட்டியா இல்லையா? அம்மா கேட்டா நான் ஒனக்காகப் பொய் சொல்ல மாட்டேன், ஆமா."

"போட்டாச்சுத்தா. கத்தாத."

எனக்கு டீயை நீட்டும்போது குரல் தணிந்தது. "சர்க்கர கம்மியாத்தான் போட்டுருக்கேன் மாமா. சரியா இருக்கா பாருங்க."

பிறகு பலகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே போனவளின் முகம் மாறியது.

"மாமா, நீ எங்க? ஒன்னுல கூடக் காணோம்?"

கேள்வி ஒச்சுவிடம். கண் என்மேல். நான் கீழே கிடந்த தாளை எடுத்தேன். அதற்குள் ஒச்சு சிரித்தான்.

"நாந்தேன் அண்ணங்கிட்டச் சொன்னேன், ஏம் மூஞ்சி வேணாம்னு. மாப்ள வீட்டாளுக எம்புட்டுப் பேரு வருவாக. அழுக்கு லுங்கியோட நான் அங்கன எதுக்கு? அண்ணன் மொதல்ல ஒத்துக்கல. நாந்தேன் புடிவாதம் புடிச்சேன்."

"லூசா மாமா நீ? அறிவிருக்கா? என் கல்யாணத்துல யாரு இருக்கணும்னு நீ யாரு முடிவு பண்ண? காது குத்தினப்ப நீ அழுத படம் இருக்கே, அத நடுவுல பெருசா வைக்கணும்னு இருந்தேன்!" பத்து நிமிஷம் விடாமல் திட்டினாள். திரும்ப அச்சடிக்கலாம், இன்னும் நாள் இருக்கிறது என்றாள். "ஒட்டியாச்சு. பிரிச்சாக் கிழிஞ்சுரும். விடுத்தா" என்று அவன் தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். 'அவன் சொல்லவில்லை, நான்தான் எடுத்தேன்.' அவ்வளவுதான். நான் தாளை மடித்து மடித்து வெட்டிக்கொண்டிருந்தேன். தோரணத்துக்கு வேண்டியதைவிட அதிகமாக வெட்டிவிட்டேன்.

அவள் கீழே போன பிறகு, "ஒச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"அந்தப் பசச் சட்டிய இங்கிட்டுத் தள்ளுங்கண்ணே, காஞ்சிரும்" என்றான்.

5

கல்யாணம் தல்லாகுளம் பக்கம் ஒரு மண்டபத்தில். காலையில் உள்ளே நுழைந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்கள். மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கலர்த்தாள் தோரணம், மேடையில் ஜிகினா எழுத்தில் பெயர்கள், தூணுக்குத் தூண் காகிதப் பூ. வயதானவர்கள் தங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். படச்சுவரின் முன்னால் கூட்டம். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், "இதாரு, மாமாவா? பொம்மையெல்லாம் வாங்கிட்டு வந்திருக்காரு" என்று நடுப்படத்தைக் காட்டி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

"தாய்மாமனக் கூப்புடுங்கப்பா" என்று மேடையிலிருந்து குரல் வந்தது. எங்கள் பக்கத்தில் மாமன் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் பெண்ணை அழைத்து வர வேண்டும். தட்டில் துண்டு இருந்தது. எனக்குக் கட்டத் தெரியவில்லை. இரண்டு தடவை சுற்றினேன், இரண்டு தடவையும் காதுமேல் சரிந்தது. நாலு பேர் சிரித்தார்கள். தூணோரம் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்த ஒச்சு ஓடி வந்தான்.

"குனிங்கண்ணே."

குனிந்தேன். துண்டை உதறி, நுனியைப் பல்லில் கடித்து, நாலே சுற்றில் கட்டினான். ஓரங்களைச் சொருகினான். நெற்றிக்கு மேலே கையால் அமுக்கிச் சரிபார்த்தான். அவன் கையில் இன்னும் பசை வாடை.

"தேங்க்ஸ் ஒச்சு" என்றேன். இருபத்தைந்து வருஷப் பழக்கம், தானாக வந்துவிட்டது. கூடப் பிறந்தவனைப் போன்றவனிடம் யாராவது தேங்க்ஸ் சொல்வார்களா? அவன் ஒரு கணம் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"பாப்பா வெரசா நடக்கும்ணே" என்றான் மெதுவாக. "பட்டுச்சேல வேற. படியேறும்போது கைய விட்றாதீக. இடது முட்டில பழைய அடி ஒன்னு இருக்கு. சைக்கிள்ள விழுந்தது."

போனேன். மாலை போட்டேன். கையைப் பிடித்து அழைத்து வந்தேன். மூன்றாவது படியில் அவள் தடுமாறினாள். அவன் சொன்னதால் பிடித்தேன். என் மேலாளரிடம் நான் விவரித்தபடியே எல்லாம் நடந்தது.

தாலி கட்டி முடிந்ததும் போட்டோக்காரர், "தாய்மாமா மட்டும் நில்லுங்க. மத்தவங்க கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார். நான் கயலின் பக்கத்தில் நின்றேன். எனக்குப் பின்னால் ஒச்சு, எனக்குக் கொடுக்க வேண்டிய தேங்காய்த் தட்டோடு நின்றிருந்தான். வாயைத் திறந்து அவனைக் கூப்பிட நினைத்தேன். நான் திரும்புவதற்குள், காமிராவுக்குத் தலை தெரியாதபடி குனிந்து, தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் இறங்கிப் போய்விட்டான். இந்த முறை நான் வெட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

6

ஒரு வருஷம் ஆகிவிட்டது. குழுவில் போடப் படம் தேடும்போது அந்தப் படம்தான் வந்தது. தலைப்பாகை அம்சமாக இருக்கிறது.

இன்று காலை, ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன், வெட்டாத பத்தொன்பது படங்களையும் கயலுக்கு அனுப்பினேன். குழுவில் போடவில்லை. அந்தத் துணிச்சல் இன்னும் வரவில்லை. ஒச்சுவுக்கும் அனுப்பவில்லை, அவன் எதுவும் நடக்காததுபோலப் பேசிவிடுவான் என்ற பயம். கயலுக்கு மட்டும், கூடவே இதையும் எழுதினேன்: 'ஒச்சு வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தப் படங்களிலிருந்து அவனை எடுத்தது நான். அன்றைக்கு மாடியில் அவன் எனக்காகப் பொய் சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.'

அனுப்பிவிட்டுக் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன திட்டு வரும் என்று எனக்கு ஓரளவு தெரியும், மாடியில் கேட்டிருக்கிறேனே. லூசா மாமா நீ, அறிவிருக்கா என்று வரும். வரட்டும். உண்மையைச் சொன்னால், அதற்காகத்தான் காத்திருந்தேன்.

பத்து நிமிஷத்தில் குரல் பதிவு வந்தது.

"தெரியும் மாமா. அன்னைக்குச் சாயங்காலமே அம்மாவோட ஆல்பத்துல மிச்சம் இருந்தத எடுத்துப் பாத்துட்டேன். புடிச்சுக் கேட்டதும் பொய்தான் சொன்னேன்னு ஒத்துக்கிட்டாரு ஒச்சு மாமா. அம்மாக்கும் தெரியும். ஒச்சு மாமாதான், அண்ணன் அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்துருக்காரு, மனசு சங்கடப்படும், யாரும் ஒன்னும் கேக்கக் கூடாதுன்னுட்டாரு. பரவால்ல மாமா, நீங்க அதையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. அங்க குளிர் எப்டி இருக்கு? ரியா நல்லா இருக்காளா? நீங்க சாப்டீங்களா?"

மூன்று தடவை கேட்டேன். கோபத்தின் சாயல் எங்காவது இருக்கிறதா என்று தேடித் தேடிக் கேட்டேன். சட்டையில் பசையைத் துடைத்ததற்கே அவனைத் திட்டியவள். என்னிடம் குளிரை விசாரிக்கிறாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை யாரும் திட்டுவதில்லை.

குளிர் பரவாயில்லை, ரியா நன்றாக இருக்கிறாள், சாப்பிட்டுவிட்டேன் என்று பதில் அனுப்பினேன்.